மத்தியானம் ஆனால் மை கக்கும் பேனா

மேலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் முதல்முறையாக, பில்லரால் மை ஊற்றும் பேனா ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கினேன். எழுத அவ்வளவு ஆசையாக இருக்கிறது. கணக்கு முடிந்த பிறகும் சும்மா பேரை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் காலையில் ஒழுங்காக எழுதும் பேனா மத்தியானம் ஆனால் மை கக்குகிறது. சில நேரம் முதல் எழுத்தே விழுவதில்லை. மதுரையில் ஒரு கடையில் காட்டினேன். நிப்பு போய்விட்டது, 18 கேரட் நிப்பு வைத்த பேனா 4,800 ரூபாய், அதை வாங்கினால் ஆயுசுக்கும் வரும் என்கிறார். வாங்கலாமா? என்ன மை ஊற்றுவது?"

வாங்க வேண்டாம் அம்மா. உங்கள் நிப்பு போகவில்லை. நிப்பு கெட்ட பேனா நேரம் பார்த்துக் கெடாது. காலையிலும் கெட்டதாகத்தான் எழுதும். காலையில் நன்றாக எழுதி மத்தியானம் கக்குகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதிலேயே பதில் இருக்கிறது. வெயில்தான் காரணம்.

பில்லர் பேனாவில் தனியாக மைக்குழாய் கிடையாது. பேனாவின் வயிறே தொட்டி. நீங்கள் எழுத எழுத மை வெளியே வரும், அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகும். பாதிப் பேனா காலியானால் பாதிப் பேனா காற்று. வெயிலில் நிறுத்திய சைக்கிளின் டியூப் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் இங்கேயும். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரியும். விரிந்த காற்று மையைத்தானே தள்ளும்?

கணக்கு எழுதுபவர் நீங்கள், ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். பேனா 3 மில்லி பிடிக்கும், அதில் 2 மில்லி காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 27 டிகிரி, மத்தியானம் பையில் 39 டிகிரி. 12 டிகிரி ஏறினால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பங்கு விரியும். 2 மில்லிக்கு 0.08 மில்லி. ஒரு சொட்டு மை என்பது சுமார் 0.05 மில்லி. ஆக ஒன்றரைச் சொட்டு வெளியே வந்தாக வேண்டும். அந்த ஒன்றரைச் சொட்டுதான் உங்கள் பேரேட்டில் விழுகிறது. பேனா நிறைய மை இருந்து, காற்று கால் மில்லிதான் இருந்தால், விரிவது 0.01 மில்லி. நிப்புக்கு அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்குமே, நாக்கு என்போம், அதன் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வெட்டுகள் இருக்கும். அந்தக் கொஞ்சூண்டு மையை அந்தப் பற்களே பிடித்து வைத்துக்கொள்ளும். பேனாவை மூடித் திறந்து ஒருமுறை பாருங்கள், பற்களுக்கு நடுவே மை பளபளவென்று நிற்பது தெரியும்.

ஆகவே மருந்து இவ்வளவுதான்: மை மூன்றில் ஒரு பங்காகக் குறையும்வரை விடாதீர்கள், அதற்கு முன்பே நிரப்புங்கள். வேலைக்குக் கிளம்பும் முன் நிரப்புங்கள். பையில் நிப்பு மேல்நோக்கி நிற்கட்டும். ஆபீஸ் போய்த் திறக்கும்போதும் நிப்பை மேலே பார்க்கப் பிடித்துத் திறந்து, ஒரு பழைய பருத்தித் துணியால் பேனாவின் கழுத்தைத் துடைத்துவிட்டு எழுதுங்கள். மரையில் கசிந்தால் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவலாம். தேங்காய் எண்ணெய், வாசலின் இரண்டும் வேண்டாம். வாசலின் பட்டால் ரப்பர் வளையம் ஊதிப்போகும்.

முதல் எழுத்து விழாததற்குக் காரணம் தனி. முத்திரை குத்தவும் ரூபாய் எண்ணவும் பேனாவை மூடாமல் மேசையில் வைப்பீர்கள், தலைக்கு மேலே ஃபேன் சுற்றும். ஓரிரண்டு நிமிடத்தில் நிப்பின் பிளவில் இருக்கும் மை காய்ந்துவிடும். மூடியைப் போடும் பழக்கம் வந்தால் பாதிக் குறை தீரும். மீதிப் பாதி, பேனாவைக் கடைசல் பிடித்தபோது ஒட்டிய எண்ணெய். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் விளக்கும் சோப்பு ஒரே ஒரு சொட்டு விட்டு, நிப்புப் பகுதியை அதில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் நிறம் போகிறவரை அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்குக் குடிக்கிற தண்ணீர். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே படிவு நாக்கின் சந்துகளிலும் படியும். வெந்நீர் ஆகாது, பேனா எபோனைட், அதாவது இறுக்கிய ரப்பர், என்றால் பழுப்பேறிவிடும். சானிடைசர், ஸ்பிரிட் எதுவும் ஆகாது.

இப்போது அந்த 18 கேரட் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மதுரையில் 916 தெரியாதவர் கிடையாது. நிப்பிலும் அதே கணக்குதான். உண்மையான 18 கேரட் நிப்பில் 750 என்றோ 18 கே என்றோ முத்திரை இருக்கும், 14 கேரட் என்றால் 585. ஆனால் 18 கே என்பதை ஒட்டி ஜி, பி என்று இன்னும் இரண்டு எழுத்து இருந்தால் அது தங்க முலாம். உள்ளே இருப்பது எவர்சில்வர். அந்த இரண்டு எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காட்டுகிற வியாபாரிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, நிப்பில் 'இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி' என்று பொறித்திருப்பதைக் காட்டி ஜெர்மன் பேனா என்பார்கள். அந்த எழுத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. எந்த நாட்டில் வேண்டுமானாலும் பொறிக்கலாம், பொறிக்கிறார்கள். 1998-ல் ஒரு மொத்த வியாபாரியின் பேச்சை நம்பி, விற்பதற்காக அப்படி ஒரு டஜன் பேனா வாங்கினேன். என்னிடம் அதை வாங்கிய ஒரு தலைமையாசிரியர் இரண்டே வாரத்தில் முலாம் உரிந்த நிப்போடு வந்து நின்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மொத்த வியாபாரி எனக்குத் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து லென்ஸ் இல்லாமல் நான் எந்த நிப்பையும் தொடுவதில்லை. மதுரை தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொண்டு கல் பார்ப்பார்களே, அதே லென்ஸ்தான்.

உண்மையான தங்கமாகவே இருந்தாலும் உங்களுக்கு என்ன லாபம்? காகிதத்தில் படுவது தங்கம் இல்லை. நிப்பின் நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஓர் உருண்டை ஒட்டவைத்திருப்பார்கள், அது வேறு கடினமான உலோகம். தங்க நிப்பானாலும் எவர்சில்வர் நிப்பானாலும் எழுதுவது அந்த உருண்டைதான். அதனால் தயவுசெய்து யார் சொன்னாலும் நிப்பைத் தரையிலோ கடப்பாக்கல்லிலோ தேய்க்காதீர்கள். தேய்த்த அன்றைக்கு வழுக்கிக்கொண்டு எழுதும், உருண்டை தேய்ந்ததும் கீற ஆரம்பிக்கும். அப்புறம் நிப்பை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கடைகளில் 'சரி பண்ணித் தர்றேன்' என்று வாங்கி, கண்ணெதிரிலேயே உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்துக் கெடுத்த பேனாக்கள் மாதம் ஒன்றாவது என் மேசைக்கு வருகின்றன.

450 ரூபாய்ப் பேனா கேவலமில்லை. திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் இன்றும் எபோனைட் தண்டைக் கையால் கடைசல் பிடித்துப் பேனா செய்கிறார்கள். பின்னால் ஆசைப்பட்டால் அங்கே செய்ததை ஒன்று வாங்குங்கள். எபோனைட் என்று சொல்லிப் பிளாஸ்டிக்கைத் தலையில் கட்டுவதும் உண்டு. கட்டைவிரலால் பரபரவென்று தேய்த்து மோந்து பாருங்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்; சூடேறினால் லேசாகக் கந்தக வாடை அடிக்கும்.

மை விஷயம். பிரில், கேமல் இரண்டில் எது கிடைத்தாலும் ஆரம்பத்துக்குத் தாராளம். வரைகிற இந்தியன் இங்க் கூடாது, அதில் அரக்கு இருக்கிறது, காய்ந்தால் நாக்கு அடைத்துக்கொள்ளும். ஸ்டாம்ப் பேடு மை, பிரிண்டர் மை கூடவே கூடாது. இரண்டு கம்பெனி மையைக் கலக்காதீர்கள். பேனாவில் மிச்சம் இருப்பதைப் புட்டியில் திருப்பி ஊற்றாதீர்கள், பூசணம் பிடிக்கும்.

ஆனால் நீங்கள் சங்கத்துக் கணக்கு எழுதுகிறவர், அதனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ராயல் ப்ளூ என்ற பேரில் வருவதில் பெரும்பாலும் துணியில் பட்டால் துவைத்து எடுக்கக்கூடிய மை. துணியில் போகும் என்றால் காகிதத்திலும் போகும்! பேரேட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் சாய்ந்தால் போதும், ஒரு வருஷத்துக் கணக்கு நீலக் குளமாகிவிடும். காசோலை, வவுச்சர், கடன் பத்திரம் எதிலும் அந்த மையால் தொகை எழுதக் கூடாது. தண்ணீர் தொட்ட பஞ்சு இருந்தால் போதும், ஆயிரத்தை அழித்துவிட்டு வேறு எழுதலாம். ப்ளூ ப்ளாக் என்று லேபிளில் இருந்தால் அழியாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது அவர்கள் காலத்து உண்மை. அப்போது அதில் இரும்பு உப்பும் துவர்ப்புச் சாரும் சேர்ந்திருக்கும், நம் ஊரில் அன்னபேதியும் கடுக்காயும் போட்டு மை காய்ச்சியது போல. எழுதி ஆறியதும் காகித நாரோடு சேர்ந்து கறுத்துவிடும். இன்றைக்கு அந்தப் பேர் பல புட்டிகளில் நிறத்தை மட்டும்தான் குறிக்கிறது. ஆகவே லேபிளை நம்பாதீர்கள், சோதியுங்கள். ஒரு துண்டுத் தாளில் பத்து வரி எழுதி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, குழாயடியில் பிடியுங்கள். படிக்க முடிகிறதா? அந்த மை கணக்குக்கு. ஓடிவிட்டதா? அது உங்கள் பேரை எழுதிப் பார்க்க, கடிதம் எழுத. இரண்டு மையும் வேண்டுமென்றால் இரண்டு பேனா வைத்துக்கொள்ளுங்கள், ஒரே பேனாவில் மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள்.

கறுப்பு மையில் காசோலை எழுதக் கூடாதென்று ரிசர்வ் வங்கி தடை போட்டுவிட்டதாக ஒரு வதந்தி சுற்றியது. 2025 ஜனவரியிலேயே மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அது பொய் என்று அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு வங்கிக் கிளையில் என் காசோலையைத் திருப்பித் தந்து, நீலத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். அந்த உத்தரவைக் காட்டுங்கள் என்றேன். யாரிடமும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்ததைச் சட்டமாக்கும் கவுண்ட்டர், நிஜமாகவே அழிந்துபோகிற மையில் எழுதிய காசோலையை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொள்கிறது. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

காகிதம் இன்னொரு ஆற்றாமை. ஆபீஸ் நோட்டுகளை யார் குறைந்த விலை கேட்டாரோ அவரிடம் வாங்குவார்கள். அதில் மை வைத்தால் வெற்றிலையில் சுண்ணாம்பு மாதிரி பரவும், பின்பக்கமும் தெரியும். பேனாவைக் குறை சொல்லுமுன் தாளை மாற்றிப் பாருங்கள். கரூர் பக்கம் புகழூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்கிற டிஎன்பிஎல் காகிதம் இருக்கிறதே, ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும், அதில் எழுதிப் பாருங்கள். கோடு கோடாகவே நிற்கும். எழுதி முடித்த சொல்லின் ஓரத்தில் மை கொஞ்சம் அடர்ந்து தேங்கி, காயக் காய நிறம் இறங்குவதையும் பார்க்கலாம். உங்களைப் பேரை எழுதிக்கொண்டே உட்காரவைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

கடையில் எப்போதாவது நிப்பு தேர்ந்தெடுக்க நேர்ந்தால் எல்லாரும் போடுகிற எட்டு எட்டாய்ச் சுழி போடாதீர்கள். ஐ, ஞ, ண, ழு எழுதுங்கள். நம் எழுத்துக்குச் சுழிகள் அதிகம், பேரேட்டுக் கட்டம் சின்னது. பட்டை நிப்பில் ண-வின் கண் அடைத்துக்கொள்ளும். உங்களுக்கு ஃபைன் நிப்பு போதும். அழுத்த வேண்டாம். பேனாவின் கனமே போதும், கையால் நீங்கள் திசை மட்டும் காட்டினால் சரி. இருபது வருஷம் பால்பாயிண்ட்டை அழுத்திய விரலுக்கு இது புரிய ஒரு மாதம் ஆகும். புரிந்த நாளில் மணிக்கட்டு வலியும் குறையும்.

ரசீதுப் புத்தகம் மட்டும் விலக்கு. கார்பன் வைத்து எழுத அழுத்தம் வேண்டும், அழுத்தினால் நிப்பு விரிந்துவிடும். அதற்கென்று மேசையில் ஒரு பால்பாயிண்ட் கிடக்கட்டும். கவுண்ட்டரில் நின்று 'கையெழுத்துப் போட ஒரு பேனா குடுங்க' என்று கேட்பவர்களிடமும் அதையே நீட்டுங்கள்.