கிணற்று வரப்பில் நிற்பது வெட்டிவேரா, நாணலா?

கேள்வி: கிணற்றைச் சுற்றி மண் சரியாமல் இருக்க, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாற்றுப் பண்ணை ஒன்றில் வெட்டிவேர் என்று சொல்லி வாங்கிய தூர்களை வரப்பில் நட்டேன். இப்போது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கதிர் தள்ளியிருக்கிறது. தோகையைக் கசக்கினால் மணமே இல்லை. "இது நாணல், விட்டால் வயலெல்லாம் பரவிவிடும்" என்கிறார் பக்கத்து வயல்காரர். எப்படி உறுதி செய்துகொள்வது? பிடுங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். தோகையில் மணம் இல்லை என்பது உங்கள் சந்தேகத்தை வலுப்படுத்தும் செய்தி அன்று. வெட்டிவேரின் தோகைக்கு மணம் கிடையாது, அதன் வாசனை எண்ணெய் முழுவதும் வேரில்தான் இருக்கிறது. கசக்கியதும் மணம் வீசியிருந்தால்தான் எலுமிச்சைப் புல்லை உங்களிடம் தள்ளிவிட்டார்களோ என்று ஐயப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் தூரின் அடியைப் பாருங்கள். என் அனுபவத்தில் இதைப் போலத் தெளிவான அடையாளம் வேறில்லை. குத்தின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு தூரைப் பிரித்தெடுத்து, காய்ந்த சருகை உரித்துவிட்டு, அடிப்பகுதியை இரண்டு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள். வெட்டிவேராக இருந்தால் உருளாது. அதன் இலையுறைகள் இரு பக்கமும் அமுக்கப்பட்டது போலத் தட்டையாகவும், முதுகில் படகின் அடிப்பக்கம் போன்ற விளிம்புடனும், ஒன்றையொன்று கவ்வியபடி இரண்டே வரிசையில் அடுக்கப்பட்டும் இருப்பதால், தூரின் அடி மடக்கிய ஓலை விசிறியைப் போலத் தோன்றும். நாணலின் தண்டோ கரும்பைப் போல உருண்டது. விரல்களுக்கிடையே எளிதில் உருளும். கரும்பும் நாணலும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் இந்த ஒற்றுமையில் வியப்பில்லை.

அடுத்து, குத்து எப்படிப் பெருகியிருக்கிறது என்று கவனியுங்கள். வெட்டிவேர் ஆண்டுதோறும் பக்கத் தூர்களை விட்டு, நட்ட இடத்திலேயே நெருக்கமாகத் தடிக்கும். ஓரிரு முழம் தள்ளித் தனியாக முளைத்து வராது. நாணல் நிலத்தடித் தண்டுகளை நாலாபுறமும் அனுப்பி, எதிர்பாராத இடத்தில் எல்லாம் தலை நீட்டும். இரண்டு ஆண்டுகள் கழிந்தும் உங்கள் வரப்பில் நட்ட வரிசை வரிசையாகவே இருக்கிறது என்றால், பக்கத்து வயல்காரரின் அச்சத்துக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

கதிரும் ஒரு சான்றுதான். நாணல் பூத்தால் வெள்ளிப் பட்டு போன்ற மயிர் காற்றில் அசைவது தொலைவிலிருந்தே தெரியும். வெட்டிவேரின் கதிரில் அந்தப் பஞ்சு இராது. ஏறக்குறைய 15 முதல் 30 செ.மீ. நீளத்தில், செந்நீலம் படிந்த பழுப்பு நிறத்தில், நடுத்தண்டைச் சுற்றி வட்டம் வட்டமாக மெல்லிய கிளைகள் கிளம்பும். அவற்றில் சிறுகதிர்கள் இணை இணையாக, ஒன்று காம்பில்லாமலும் மற்றொன்று காம்புடனும் ஒட்டியிருக்கும். காம்பற்றதைக் கைக்கண்ணாடியில் பார்த்தால் அதன் முதுகில் நுண்ணிய முட்கள் தென்படும். தோகை ஒரு செ.மீ. அளவு அகலத்தில் விறைப்பாக இருக்கும். அதன் ஓரம் சொரசொரப்பானது.

இன்னும் ஐயம் இருந்தால் குத்தின் விளிம்பில் ஒரு சாண் ஆழம் தோண்டி, நான்கைந்து வேர்களை மட்டும் அறுத்தெடுத்துக் கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, மீண்டும் நீர் தெளித்து முகர்ந்து பாருங்கள். மண்ணும் மரமும் கலந்த அந்த மணம் வந்துவிட்டால் வேறு சான்று தேவையில்லை. ஆனால் ஒப்பிடுவதற்கு நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கும்போது விலாமிச்சை வேரை வாங்கிவிடாதீர்கள். அதுவும் மணக்கும், ஆனால் அது துளசிக் குடும்பத்துச் செடி, புல்லே அன்று.

வெட்டிவேர் என்று உறுதியானால் வயலுக்குக் கேடில்லை. அதன் வேர் பக்கவாட்டில் அதிகம் படராமல் செங்குத்தாக இறங்கும் இயல்புடையது. நல்ல மண்ணில் முதல் ஆண்டிலேயே 2 மீட்டருக்குக் கீழே சென்றுவிடும். தென்னிந்தியாவில் பயிரிடப்படும் வகை முளைக்கும் விதையை மிக அரிதாகவே தரும். வட இந்தியாவில் தானாக வளரும் வகைதான் விதையால் பரவக்கூடியது. நாற்று எங்கிருந்து வந்தது என்று தெரியாத நிலையில், கதிர் முற்றுவதற்கு முன்பே அறுத்துவிடுவது பாதுகாப்பு. தோகையையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடியில் புதிய தூர்கள் கிளம்பி வரிசை இன்னும் அடர்த்தியாகும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் போல வேரைத் தோண்டி விற்கலாமே என்று யாராவது ஆசை காட்டினால், அதற்கெனத் தனியாக ஒரு பாத்தி போட்டுக்கொள்ளுங்கள். கிணற்று வரப்பில் உள்ளதைத் தோண்டினால், மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதையே வெளியே எடுத்தவர் ஆவீர்கள்.