வெளிநாட்டுத் தத்தெடுப்பு: முகமையின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்க நானும் கணவரும் ஒரு முகமையை அணுகினோம். 20 பக்க ஒப்பந்தத்தை அனுப்பி, ஒரு வாரத்துக்குள் கையெழுத்திட்டு முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்கிறார்கள். 'எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது' என்று ஒரு ஷரத்து இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதிருக்கும் வடிவத்தில் போடாதீர்கள், அம்மா.

ஒப்பந்தத்தைப் படிப்பதற்கு முன் முகமையின் அங்கீகாரத்தைப் பாருங்கள். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தமான, 1993-ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின்படி, அங்கீகாரம் பெற்ற முகமை லாப நோக்கமற்றதாக இருக்க வேண்டும். உங்கள் நாட்டின் அனுமதி மட்டும் போதாது; குழந்தையின் நாட்டில் செயல்பட அந்த நாடும் அனுமதித்திருக்க வேண்டும். இரண்டு அனுமதிகளின் நகலையும் கேளுங்கள். குழந்தையின் நாடு உடன்படிக்கையில் சேராதது என்றால் இந்தப் பாதுகாப்புகள் கிடைக்காது. இரு நாட்டுச் சட்டங்களையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

பிறகு பணம். நீங்கள் அஞ்சுவது சரியே. ரஷ்யா 2013-இல் அமெரிக்கர்களுக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்தியது. எத்தியோப்பியா 2018-இல் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்குத் தடை விதித்தது. சீனா 2024-இல், நெருங்கிய உறவினர்கள் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, நிறுத்திவிட்டது. பாதி வழியில் கதவு மூடினால், செய்யாத வேலைக்கான பணம் உங்களுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே விண்ணப்பம், உங்கள் கோப்பைக் குழந்தையின் நாட்டுக்கு அனுப்புதல், உங்களுக்கென ஒரு குழந்தையை முன்மொழிதல், பயணம் எனக் கட்டம் கட்டமாகச் செலுத்தும்படி மாற்றச் சொல்லுங்கள். செலவழிக்காத தொகையைக் கணக்குடன் 30 நாளில் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

'வெளிநாட்டுச் செலவு' என்று மொத்தமாக ஒரு தொகை இருந்தால் பிரித்துக் கேளுங்கள்: யாருக்கு, எதற்கு, எவ்வளவு. ரொக்கமாகக் கொடுக்கச் சொல்லும் 'நன்கொடை' பெரிய எச்சரிக்கை. உடன்படிக்கையின் 32-வது பிரிவு செலவுகளையும் நியாயமான தொழில்முறைக் கட்டணத்தையும் மட்டுமே அனுமதிக்கிறது. பெற்ற தாயின் சம்மதம் பணத்தால் வாங்கப்பட்டதென்று பின்னர் தெரிந்தால், அந்தத் தாய்க்கு இழைத்த அநீதியோடு குழந்தையின் சட்டநிலையும் கேள்விக்குள்ளாகலாம்.

குழந்தையின் மருத்துவ அறிக்கையை உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்ட இரண்டு வாரமாவது அவகாசம் வேண்டும். எடை, தலைச் சுற்றளவு, பரிசோதனை முடிவுகள் அதில் இருக்க வேண்டும். முன்மொழிந்த குழந்தையை நீங்கள் ஏற்க மறுத்தால் காத்திருப்பு வரிசையில் உங்கள் இடம் பறிபோகாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். குடும்ப ஆய்வு (நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்களா என்று பார்க்கும் ஆய்வு) முடியும் முன்பே குறிப்பிட்ட குழந்தையைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பொறுப்புத் துறப்பு ஷரத்தை இரண்டு முறை படியுங்கள். நாடு சட்டத்தை மாற்றினால் முகமை பொறுப்பல்ல என்பது நியாயம். தன் அலட்சியத்துக்கும், தெரிந்தே மறைத்த நோய்த் தகவலுக்கும், வெளிநாட்டிலுள்ள தன் பிரதிநிதியின் செயலுக்கும் பொறுப்பில்லை என்பதை ஏற்காதீர்கள். அரசு அமைப்பிடம் புகார் செய்யக் கூடாது என்ற வரி இருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள்.

'இந்த ஒப்பந்தமே முழு உடன்பாடு' என்றொரு ஷரத்து கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதன்படி, தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் சொன்ன வாக்குறுதிகள் பெரும்பாலும் செல்லாமல் போகும். முக்கியமானவற்றை இணைப்பாகச் சேருங்கள். வழக்கு எந்த ஊரில், எந்த நாட்டுச் சட்டப்படி என்பதையும், தத்தெடுத்த பின் குழந்தையைப் பற்றி எத்தனை ஆண்டுகள், எத்தனை அறிக்கைகள், யார் செலவில் தர வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தங்களை எழுத்தில் அனுப்பி, எழுத்திலேயே பதில் பெறுங்கள். அதுவரை முன்பணம்கூடக் கட்ட வேண்டாம்.