தேயிலைக் கொழுந்து பறிக்கையில் அட்டை கடித்தால் இரத்தம் நிற்பதில்லை, பிறகு பல நாள் அரிப்பு. வீட்டிலேயே என்ன செய்யலாம்?

உப்பு, சுண்ணாம்பு, நெருப்புக் குச்சி எதுவும் வேண்டாம். அட்டை விழும்தான், ஆனால் குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். சுண்ணாம்பு தோலையும் புண்ணாக்கிவிடும். அட்டையின் மெலிந்த முனைதான் வாய். அதை நகத்தால் பக்கவாட்டில் நெம்பி, பிறகு தடித்த முனையை எடுங்கள்.

இரத்தத்தை உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் சிறு கடியும் மணிக்கணக்கில் கசியும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தேயிலைத் தூளோ மஞ்சளோ திறந்த காயத்தில் அப்பாதீர்கள். அழுக்கும் சேர்ந்து ஒட்டி, சீழ் பிடிக்கலாம்.

அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் வையுங்கள். காயம் மூடிய பிறகு கற்றாழைச் சோறு பூசலாம். மடலை வெட்டி 15 நிமிடம் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடித்துவிட வேண்டும், அந்தப் பாலே அரிக்கும். சொறிந்து புண்ணாக்குவதுதான் பெரிய கேடு. நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

தேயிலை மலைக்குப் போகுமுன் உலர்ந்த சவர்க்காரக் கட்டியைக் காலிலும் காலுறையிலும் தேய்க்கலாம். மழை கரைத்துவிடும், மதியம் மறுபடி தேய்க்க வேண்டும்.

சுற்றிலும் சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், அல்லது இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவரென்றால் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போங்கள்.