பாயில் யார் பக்கத்தில் யார்? குழந்தைநல மருத்துவர் பதில்கள்

மல்லாக்கப் போட்டால் பால் புரையேறிவிடும், குப்புறப் போட்டால்தான் பிள்ளை அசந்து தூங்கும் என்கிறார் மாமியார். ஆஸ்பத்திரியில் நேர்மாறாகச் சொன்னார்கள். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, வலங்கைமான்

அசந்து தூங்கும் என்பது உண்மைதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மூச்சு முட்டினால் சட்டென்று விழித்து முகத்தைத் திருப்ப வேண்டிய குழந்தை, அந்த அசதியில் விழிக்காமலே போகலாம். புரையேறும் பயம் வேண்டாம். மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாயில் புகுவது கடினம். குப்புறப் போட்டால் இது தலைகீழாகிவிடும். 1990-களில் பல நாடுகளில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்ன பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர்ச் சாவுகள் பாதிக்குமேல் குறைந்தன. தலை தட்டையாகும் என்று மாமியார் அடுத்துச் சொல்வார். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள், அது போதும்.

தனியாகப் படுக்க வையுங்கள் என்கிறார்கள். எங்களுக்கு இருப்பதே ஒரு அறை. நான், அவர், மூத்தவள், கைக்குழந்தை எல்லாரும் ஒரே பாயில்தான். அவர் சில நாள் குடித்துவிட்டு வருவார்.
- வாசகி, திருத்துறைப்பூண்டி

தனி அறை யாரும் கேட்கவில்லை. முதல் ஆறு மாதம் குழந்தை உங்கள் அறையில் இருப்பதுதான் நல்லது. படுக்கை மட்டும் தனியாக இருக்கட்டும். உங்கள் கை எட்டும் தூரத்தில் சின்னப் பாய் ஒன்று விரித்து, பழைய பருத்திச் சேலையைச் சுருக்கமில்லாமல் மடித்து இறுக்கிப் போட்டால் படுக்கை தயார். மெத்துமெத்தென்று இருக்கக் கூடாது. அரசு மருத்துவமனைப் பெட்டகத்தில் தந்த கொசுவலையை மூட்டையில் வைக்காமல் எடுத்துக் கவிழ்த்துங்கள்.

பால் கொடுத்தபடியே கண் அயர்ந்துவிடுவது எல்லாத் தாய்க்கும் நடக்கும், களை பறித்துவிட்டு வருகிறவருக்குக் கேட்கவே வேண்டாம். விழித்ததும் குழந்தையை அதன் பாய்க்கு மாற்றுங்கள். குடித்தவர் பக்கத்தில் மட்டும் ஒருநாளும் வேண்டாம்; போதையில் புரள்கிறவருக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. மூத்தவளையும் உங்களுக்கு மறுபுறம் படுக்க வையுங்கள். கணவர் பீடி பிடிப்பவர் என்றால் குழந்தை ஒரே பாயில் இருப்பது இன்னும் ஆபத்து. இதை அவரிடம் நீங்கள் சொல்லிச் சண்டையாக வேண்டாம், தடுப்பூசிக்கு வரும்போது நர்ஸைச் சொல்லச் சொல்லுங்கள்.

இலவம்பஞ்சுத் தலையணை வைக்கலாமா?
- வாசகர், பாபநாசம்

ஒரு வயதுவரை எந்தத் தலையணையும் வேண்டாம். மார்கழிப் பனிக்குக் குல்லாய் போட்டுக் கம்பளியில் சுற்றுவதும் வேண்டாம். பிடரி வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள்.

நடவுக்குப் போகும்போது வரப்பு மரத்தில் தூளி கட்டிப் போடுகிறோம். தப்பா?
- வாசகி, கீழ்வேளூர்

சேற்றிலும் வெயிலிலும் போடுவதைவிட அது மேல் என்று நினைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் தூளியில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டும், கழுத்து மடங்கிச் சின்ன மூச்சுக்குழாய் அடைபடும். முதல் நான்கு மாதமும், எடை குறைந்தோ மாதம் குறைந்தோ பிறந்த குழந்தைக்கும் இது பெரிய ஆபத்து. ஆட்டித் தூங்கவைத்தபின் நிழலில் சமமான தரையில் பாய்போட்டு மாற்றுங்கள், பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும். எட்டு வயது அக்காவின் காவல் காவலாகாது. காலியான தூளியை அவிழ்த்துவிடுங்கள். பெரிய பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிவிடும்.

குழந்தையைப் படுக்கவைப்பது பற்றித் தாய்மாரிடம் சொன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள், வீட்டில் பழையபடிதான். ஏன் இப்படி?
- கிராம சுகாதார செவிலியர், தலைஞாயிறு

அலட்சியம் என்று நினைக்காதீர்கள். நாம் ‘செய்யாதே’ என்கிறோம், காரணம் சொல்வதில்லை. காரணம் தெரியாதவர், பிள்ளை அழுகிற முதல் ராத்திரியே பாட்டி வழிக்குப் போய்விடுவார். அடுத்தமுறை துண்டறிக்கையைப் பையில் வைத்துவிட்டு, “ராத்திரி யார் எங்கே படுப்பீங்க, காட்டும்மா” என்று பாயை விரிக்கச் சொல்லுங்கள். மாமியாரும் கூட இருக்கட்டும். எது முடியும், எது முடியாது என்று அவர்களே சொல்வார்கள். பிரசவ வார்டில் நம் ஆட்களே குழந்தையை மல்லாக்கப் போடாமல் ஒருக்களித்துப் போடுவதையும் கவனியுங்கள்; அந்தத் தாய் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டு போகிறாள்.