பொட்டலம் மடித்த காலம்

அன்புள்ள சார்,

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். பதினொன்றாவது படிக்கும் மகனைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் எடுக்கவில்லை. கர்ட் வார்னர் கதையைச் சொன்னேன். எந்த அணியும் எடுக்காத ஆள், மளிகைக்கடையில் சரக்கு அடுக்கியவர், விடாமுயற்சியால் சூப்பர் பவுல் என்ற பெரிய இறுதி ஆட்டத்தை வென்றார் என்று. "அப்பா, அவர் ஒருத்தர்தான்" என்று கதவைச் சாத்திக்கொண்டான். நான் சொன்னதில் என்ன தப்பு? அவனை எப்படித் தேற்றுவது? தலையில் அடிபடும் ஆட்டம், விடலாமா என்றும் மனைவி கேட்கிறாள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வி உங்கள் மனைவியும் ஒரு டாக்டரும் பேசி முடிக்க வேண்டியது. எனக்கு அதில் வேலை இல்லை.

பையன் சொன்னது முக்கால்வாசி சரி. பெற்ற மனசு தெரியும், கோபிக்காதீர்கள். ஆனால் உங்கள் கதையில் முதலும் முடிவும் இருக்கின்றன, நடுவில் ஐந்து வருஷத்தைக் காணோம்.

1994 டிராஃப்டில், அங்கத்திய தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுத்தன. ஏழு சுற்று முடிந்தும் வார்னர் பெயரை யாரும் கூப்பிடவில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் பயிற்சி முகாமுக்கு அழைத்துத் திருப்பி அனுப்பியது. பிறகு சீடர் ஃபால்ஸில் ஹை-வீ கடை, மணிக்கு 5.50 டாலர், இரவு வேலை. இந்த இடம் வந்ததும் எல்லாரும் சாவு வீட்டுச் சேதி மாதிரி குரலைத் தாழ்த்துவார்கள். சரக்கு அடுக்குவதில் என்னய்யா கேவலம்?

எனக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காத வருஷம் மாமாவின் மளிகைக்கடையில் நின்றேன். தலைக்கு மேல் நூல்கண்டு தொங்கும். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, கால் கிலோ துவரம்பருப்பைக் கொட்டி, வாயை மடித்து, நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி ஒரே சுண்டில் அறுக்க வேண்டும். முதல் மாதம் பருப்பு தரையில்தான். தீபாவளிக்குள் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே கட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா, "பையன் சும்மாதான் இருக்கான்" என்பாள். அந்தச் 'சும்மா' இன்னும் எனக்கு ஆறவில்லை.

நீங்களும் வார்னரைச் சும்மா உட்காரவைத்துவிட்டு நேரே சூப்பர் பவுலுக்குக் கூட்டிப்போகிறீர்கள். 1995 முதல் மூன்று சீசன் அவர் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸுக்கு அரீனா ஆட்டம் ஆடினார். கூரைக்குக் கீழே 50 யார்டு மைதானம், பக்கத்துக்கு எட்டுப் பேர், ஓரத்தில் மெத்தை கட்டிய சுவர். பந்து கைக்கு வந்ததும் எறிந்தாக வேண்டும். 1996, 1997 இரண்டு வருஷமும் இறுதி ஆட்டம்வரை போய் இரண்டிலும் தோற்றார். 1998-இல் ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் அணி. 1999 ஆகஸ்டில் என்.எஃப்.எல். அணியான செயின்ட் லூயிஸ் ராம்ஸில் பந்தை எறியும் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போனது; அவர் இடத்தில் வார்னர் இறங்கினார். அந்த சீசனில் அவர் எறிந்து புள்ளியான பந்துகள், அதாவது டச்டவுன் பாஸ், 41; நீங்கள் சொன்ன சூப்பர் பவுலும் அதில்தான். அதிசயம் என்றார்கள். அதிசயமாவது! அந்தக் கை வேகம் பொட்டல் மாதிரி விரிந்த மைதானத்தில் வந்ததல்ல, அந்தச் சின்ன மைதானத்தில் வந்தது. கிரீனின் முழங்காலுக்கும் விடாமுயற்சிக்கும் என்ன சம்பந்தம் என்று பையன் கேட்டால், ஒன்றுமில்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

'ஒருத்தர்தான்' என்பதில் மட்டும் அவன் தவறு. 2009 பிப்ரவரி 1, டாம்பாவில் இன்னொரு சூப்பர் பவுல். வார்னர் இப்போது அரிசோனா கார்டினல்ஸில். முதல் பாதி முடியச் சில நொடிகள், புள்ளி எடுக்கும் கோட்டுக்கு ஒரு யார்டு. அவர் எறிந்த பந்தைக் குறுக்கே வந்து பிடித்தவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஜேம்ஸ் ஹாரிசன். 2002 டிராஃப்டில் அவரையும் யாரும் எடுக்கவில்லை. இதே ஸ்டீலர்ஸ் ஒருமுறைக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. பந்தோடு 100 யார்டு ஓடினார். மறுகோடி எல்லைக்குள் விழுந்தவர் எழ முடியாமல் மல்லாந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். ஸ்டீலர்ஸ் 27, கார்டினல்ஸ் 23.

எப்படித் தேற்றுவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அவன் கதவைத் திறந்ததும் அந்த ஓட்டத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கதை மட்டும் சொல்லாதீர்கள்.