பாவசங்கீர்த்தனம் செய்த பிறகும் மனம் ஆறவில்லை என்றால்?

பள்ளி வயதில் ஒருத்திக்குச் செய்த துரோகத்தை ஃபாதரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று, இன்னும் மனம் ஆறவில்லை, அவளிடமே போய்ச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். நான் ஒரு கன்னியாஸ்திரி. எனக்கு அதற்கு 37 வருடம் ஆனது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அவளும் நானும் ஒரே லயம், தொழிலாளர் வீடுகளின் வரிசை, அடுத்தடுத்த வீடு. 1981-இல் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தோம். அடுத்து டவுனில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு, அப்புறம்தான் முதல் படிவம். பஸ் காசுக்கு வழியில்லாத பெண் பிள்ளைகளின் படிப்பு அங்கேயே நின்றுவிடும். அந்த வருடம் கன்னியர் மடத்து விடுதியில் எங்கள் தோட்டத்துக்கு ஓர் இலவச இடம் கிடைத்தது. என்னைவிட நன்றாகப் படித்தவள் அவள். முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது என்னுடையது.

அவள் அம்மைக்கட்டு வந்து படுத்திருந்ததால் உபதேசியார் அவளுக்கு இடம் கிடைத்த கடிதத்தை என்னிடம் கொடுத்தனுப்பினார். பிரித்துப் படித்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன். அவள் வீட்டிலிருந்து பதில் வராததால் ஜனவரியில் நான் விடுதிக்குப் போனேன். எனக்கு இறையழைத்தல் வந்ததும் அங்கேதான். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதர் மன்னிப்பு வழங்கிவிட்டு, "அவளைத் தேடிப் போம்மா" என்றார். மன்னிப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1459-ஆம் எண்ணில் இது தெளிவாகவே இருக்கிறது: பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும், பாவத்தால் வந்த சேதத்தைச் சரிசெய்யாது, அதை நாம்தான் முடிந்தவரை ஈடுகட்ட வேண்டும். பாவசங்கீர்த்தன இரகசியம் காக்க வேண்டிய ஃபாதர் எனக்காகப் போய்ச் சொல்லவும் முடியாது. வருடா வருடம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே நான் போகாமல் இருந்தேன்.

2018-இல் போனேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்திருந்தது. "வாங்க சிஸ்டர்" என்று நாற்காலி போட்டாள். பல வருடம் மருந்து அடித்திருக்கிறாள், பாராகுவாட் என்ற களைக்கொல்லி. (மலேசியாவில் அதற்கு முழுத் தடை வந்ததே 2020 ஜனவரியில்தான்.) காப்பி டம்ளரை நீட்டியபோது அவள் நகங்களைப் பார்த்தேன். வெளுத்து, வெடித்து, இரண்டு விரல்களில் நகமே இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் அழாதீர்கள். நீங்கள் அழுதால் அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். "மன்னித்துவிட்டேன்" என்று உடனே சொல்ல வைக்கவும் பார்க்காதீர்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு, அவள் பேசும்வரை உட்கார்ந்திருங்கள்.

அவள் வெகுநேரம் வாசலையே பார்த்திருந்தாள். அப்புறம், "அந்தக் கடுதாசியில என்ன புள்ள எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள். அதில் ஒரு வரிகூட நான் மறக்கவில்லை. அவள் பெயரில் தொடங்கி முழுவதும் சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.