மாமனார் பெட்டகத்தில் நூலகப் புத்தகம்

*ஆச்சிக்கு வணக்கம். எங்கள் பழைய வீட்டைப் பழுதுபார்க்கப் பெட்டகங்களை ஒழித்தபோது, காலஞ்சென்ற மாமனார் எடுத்து வைத்திருந்த மூன்று நூலகப் புத்தகங்கள் கிடைத்தன. ஒன்று நன்றாக இருக்கிறது. தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 1983. இன்னொன்றைக் கரையான் பாதி தின்றுவிட்டது. மூன்றாவது ஓட்டு ஒழுக்கில் நனைந்து, தாள்கள் ஒட்டிக் கிடக்கிறது. நாற்பது வருஷ அபராதத்தை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பழைய பேப்பர் கடையில் போடு என்கிறார் நாத்தனார். சிகாகோவில் இருக்கும் கொழுந்தனாரோ, இப்போதெல்லாம் அபராதமே கிடையாது, சும்மா கொண்டுபோய்க் கொடுங்கள் என்கிறார். மகளை நூலகத்தில் சேர்க்க நினைத்திருந்தேன். இதைச் சொன்னால் சேர்ப்பார்களா?*
*— வாசகி, தேவகோட்டை*

நாத்தனார் பேச்சை மட்டும் கேட்காதீர்கள் அம்மா. நூலக முத்திரை குத்திய புத்தகத்தை எடைக்குப் போடுவது ஊர்ச் சொத்தை எடைக்குப் போடுவதுதான். முத்திரை முதல் பக்கத்தில் மட்டும் இருக்காது. உள்ளே ஏதோ ஒரு பக்கத்திலும் குத்தியிருப்பார்கள். அது எந்தப் பக்கம் என்பது நூலகத்தாருக்குத்தான் தெரியும்.

அந்த முத்திரையை நிதானமாகப் படியுங்கள். 1983 என்றால் அதில் இராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கலாம். நம் தேவகோட்டை, காரைக்குடியெல்லாம் 1985-ல்தானே சிவகங்கை மாவட்டமாகப் பிரிந்து வந்தன. அதைப் பார்த்து இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். கிளையின் பெயரும் அதிலேயே இருக்கும். அந்தக் கிளைக்குப் போனால் போதும்.

கொழுந்தனார் சொல்வது அவர் ஊருக்குச் சரி. சிகாகோ பொது நூலகம் 2019-ல் தாமத அபராதத்தை எடுத்துவிட்டது. நியூயார்க்கும் 2021-ல் எடுத்தது. ஆனால் அங்கேயும் தொலைத்த புத்தகத்துக்குப் பணம் கட்டத்தான் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாள் தாண்டியதற்கு ஒரு கணக்கு, புத்தகம் போனதற்கு வேறு கணக்கு. நம் ஊரில் தாமதக் கட்டணம் உண்டு. எவ்வளவு என்று கிளையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மாமனார் காலத்தில் அது பைசாக் கணக்கு. அதற்காக வீட்டுத் தேக்குத் தூணைப் பெயர்த்து விற்க வேண்டியிருக்காது. அவர் சேரும்போது கட்டிய காப்புத்தொகையும் இருக்கிறது. அதில் கழிக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு ஆள் இறந்துபோய் இத்தனை வருஷம் ஆன பிறகு எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதை நூலகர் சொல்லட்டும். நீங்களாகப் பெருக்கிப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அபராதத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பதிவு எண் இருக்கிறது. அலமாரியில் உள்ளதையும் பதிவேட்டில் உள்ளதையும் ஒப்பிட்டு இருப்புச் சரிபார்ப்பு நடக்கும், தணிக்கை வரும். காணாத புத்தகத்துக்கு அந்த இருக்கையில் இருப்பவர்தான் பதில் எழுத வேண்டும். வருகிறவர் போகிறவரெல்லாம் அந்த எண்ணைத் தலையில் சுமந்துகொண்டு மாறுதலாகிப் போவார்கள். அதனால்தான் சொல்கிறேன், கரையான் தின்றதையும் தூக்கி எறியாதீர்கள். பதிவு எண் உள்ள பக்கமும் அட்டையும் மிஞ்சியிருந்தால் அதுவே அவர்களுக்குப் பெரிய உதவி. சேதமானது என்று எழுதிக் கணக்கை முடிக்க வழி கிடைக்கும்.

ஆனால் அதை அப்படியே கொண்டுபோகாதீர்கள். பூச்சி உயிரோடு இருந்தால் நூலக அலமாரியில் ஏறிவிடும். முற்றத்தில் வைத்து மண்ணை உதறி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். முதலில் வெறுங்கையோடு போய் விஷயத்தைச் சொல்லுங்கள். கொண்டுவரச் சொன்னால் பையோடு கொடுங்கள்.

நனைந்த புத்தகத்தில் கைவேலை காட்டாதீர்கள். ஒட்டிய தாளைக் கத்தி விட்டுப் பிரித்தால் எழுத்தோடு வந்துவிடும். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம், உச்சி வெயிலும் வேண்டாம். செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் பசை மஞ்சளாகி, டேப் உதிர்ந்து, கறை மட்டும் நிற்கும். பூஞ்சை இருந்தால் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வெளியில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், போதும்.

பணம் கட்டும் விஷயத்தில் ஒன்று. பின்னட்டையில் ஆறு ரூபாய், ஏழு ரூபாய் என்று போட்டிருக்கும். அதை நீட்டினால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அதே புத்தகம் இப்போதும் அச்சில் இருந்தால் புதுப் பிரதி வாங்கித் தரலாமா என்று கேளுங்கள். சரி என்று சொன்ன பிறகு வாங்குங்கள். முந்திக்கொண்டு வாங்கி, பதிப்பு வேறு என்று திரும்பி வர வேண்டாம். அச்சில் இல்லாவிட்டால் அவர்கள் சொல்லும் தொகையைக் கட்டி, ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பெட்டகத்தில் முத்திரை இல்லாத பழைய புத்தகங்களும் இருந்தால் அவை உங்களுடையவை. அவற்றையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படிச் சேர்த்து வைத்தவைதான் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன.

மகளைப் பற்றிய பயம் தேவையில்லாதது. தாத்தா எடுத்தது தாத்தா அட்டையில்; பேத்திக்குத் தனி அட்டை. போதாததற்கு, உங்கள் வீட்டுச் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை கட்டு வீட்டுக்கு அது எவ்வளவு என்று ரசீதைப் பாருங்கள். கூசிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டாம். அவளையும் கூட்டிக்கொண்டே போங்கள்.

நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள். கிளை நூலகங்களுக்கு அன்றுதான் வார விடுமுறை.